ஓட ஒன்று, நிற்க இரண்டு

நான் என் போனைத் திட்டாத நாள் கிடையாது. மனசுக்குள் இல்லை, வாய்விட்டே திட்டுவேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் முதலில் நான் யாரோடோ சண்டை போடுவதாக நினைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. "அக்கா மோட்டார் போடுது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மோட்டார் என்றால் நிஜமாகவே மோட்டார்தான். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காடு தொடங்குகிற இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தக்காளி, பீன்ஸ், ஓரத்தில் ராகி. அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போய் வருவேன். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆக, ஊரில் அவரும் இரண்டு மாடுகளும். இங்கே நானும் இந்தப் போனும்.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது, நிலம் மேட்டில். நடுவில் ஒரு ஓடை, இரண்டு பக்கமும் புதர். வீட்டில் போனுக்கு டவர் சுத்தமாகக் கிடையாது. கூரைமேல் ஏறி நின்றாலும் கிடையாது. மேட்டில் மோட்டார் ரூம் இருக்கிற இடத்துக்குப் போனால் எல்லாக் கோடும் நிற்கும். நானும் பலபேரிடம் கேட்டுவிட்டேன், மலை மறைக்கிறது என்கிறார்கள்.

ராகி கதிர் பிடித்துவிட்டால் அந்த ஓடை வழியாகத்தான் யானைகள் இறங்கும். பொழுது சாய்ந்ததும் வரும். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு சாயங்காலம் மோட்டாரை நிறுத்தப் போனவர், ஓடையில் எதிரே பார்த்துவிட்டார். தூக்கி எறிந்துவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இன்றைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றே நான் சொல்லிவிட்டேன், இனிமேல் பொழுது சாய்ந்தபிறகு நீங்கள் அந்த மேட்டுக்குப் போகக்கூடாது என்று. அவர் சிரித்தார். "தண்ணி யாரு உடுவாங்க? நீ ஓசூர்ல இருந்து உடுவியா?" என்று கேட்டார்.

ஆமாம், விடுவேன் என்று கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல்லில் ஒரு கடையில் போய் அந்தப் பெட்டியை வாங்கினேன். எங்கள் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பக்கத்தில் மாட்டுகிற சின்னப் பெட்டி, உள்ளே ஒரு சிம். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அது எனக்குப் போன் பண்ணும். எடுத்தால் கன்னடத்தில் ஒரு பெண் குரல் பேசும். "மோட்டார் ஆன் மாடலு ஒந்து ஒத்தி." ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் நான் கூப்பிட்டு இரண்டை அழுத்த வேண்டும். கரண்ட் எங்களுக்குச் சாயங்காலம்தான் ஒழுங்காக வருகிறது, அது யார் செய்த ஏற்பாடோ.

பெட்டிக்கு இரண்டே நம்பர்தான் தெரியும், என்னுடையதும் அவருடையதும். வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்காது. வீட்டு வாசலில் மாட்டுத் தொட்டிக்கு ஒரு குழாய் இழுத்து வைத்திருக்கிறோம். மோட்டார் ஓடினால் அங்கே சொரியும், மேட்டில் மோட்டார் ரூமை ஒட்டிய சொட்டுநீர்த் தொட்டியும் நிறையும். தண்ணீர் வந்தால் அவர் வீட்டிலேயே இருப்பார். வராவிட்டால் மாட்டைக் கட்டிவிட்டு மேட்டுக்கு நடப்பார், கையால் மோட்டாரைப் போட. இதுதான் எங்களுக்குள் பேச்சு. ஓசூரிலிருந்து அவரைப் "போகாதீங்க" என்று தடுக்க எனக்கு இருக்கிற ஒரே வழி அந்த ஒன்றை அழுத்துவதுதான். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவருக்கு முடியாதது, எங்கோ இருக்கிற எனக்கு முடிகிறது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்போது என்னிடம் இருந்தது பட்டன் போன். தொழிற்சாலையில் கேமரா போனை உள்ளே விடமாட்டார்கள், பட்டன் போன் என்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். கோட்டுப் பாக்கெட்டில் கிடக்கும். அது அதிர்ந்தால் கையை உள்ளே விட்டு, பச்சையை அழுத்தி, ஒரு மூச்சு காத்திருந்து, மேல்வரிசை இடது மூலையில் ஒன்று. அவ்வளவுதான். குனிந்து பார்க்கவே வேண்டாம். வலது கை வேலை செய்துகொண்டே இருக்கும், இடது கை ஊரில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்துவிடும்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. நாங்கள் பைக்கின் கைப்பிடியில் இருக்கிற ஸ்விட்ச் செய்கிறோம். ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப் ஸ்டார்ட். கடைசி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து அனுப்புகிறவள் நான். அமுங்க வேண்டும், கட்டைவிரலுக்கு 'டக்' என்று தெரிய வேண்டும், திரும்பி மேலே வர வேண்டும். கொஞ்சம் மழமழவென்று போனாலும் தனிக் கூடையில் போட்டுவிடுவேன். வண்டி ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, பட்டனைப் பார்ப்பானா? காலையிலிருந்து மாலைவரை பட்டனோடு குடித்தனம் நடத்துகிற எனக்குப்போய் பட்டனே இல்லாத ஒரு போன் வந்து வாய்த்தது.

நானாக ஆசைப்பட்டு வாங்கவில்லை. கம்பெனியில் எல்லாவற்றையும் ஆப்பில் போட்டுவிட்டார்கள். லீவு அதில், சம்பளச் சீட்டு அதில், பஸ் எங்கே வருகிறது என்பதும் அதில். கேட்டில் கேமராமேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி உள்ளே விட்டார்கள். அந்த ஆப்பும் சரி, பேங்க் ஆப்பும் சரி, எந்த நம்பரில் பதிவோ அந்த சிம் அதே போனில் இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தன. என் நம்பர்தான் பெட்டிக்கும் தெரிந்த நம்பர். பெட்டிக்குப் புது நம்பர் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அதற்கு ஒரு ரகசியச் சொல் வேண்டுமாம். மாட்டிக்கொடுத்தவருக்குத்தான் அது தெரியும். அவர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். ஆக சிம் தொடுதிரைக்குப் போனது, என் நிம்மதியும் அதோடு போனது.

இந்தப் போனில் ஒன்றை அழுத்துவது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். கை முழுக்க ஸ்விட்சுக்குப் போடுகிற கிரீஸ். அதன்மேல் விரலுறை. விரலுறையோடு தொட்டால் போனுக்குத் தெரியாது. பல்லால் கடித்து உருவ வேண்டும். பிறகு பச்சை வட்டத்தைத் தேய்த்து இழுக்க வேண்டும். எடுத்ததும் குரலைக் கேட்கக் காதில் வைத்தால் திரை கறுத்துவிடும். காதிலிருந்து எடுத்தால் உடனே வெளிச்சம் வருமா? அது யோசிக்கும். வந்தாலும் எண்கள் இருக்காது. எண்களைக் காட்டு என்று ஒரு சின்னப் படத்தைத் தொட வேண்டும். அதற்குள் அந்தக் கன்னடக்காரி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு வைத்துவிடுவாள். பெட்டி மறுபடி கூப்பிடும், அதுவும் கொஞ்ச நேரம்தான். பிறகு அதற்கும் சலித்துவிடும். நடுவில் லைன் லீடர் வேறு. "அக்கா, போனை உள்ள வைங்கக்கா, சார் வராரு."

இருபத்துநாலு மணி நேரமும் இதை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. கேன்டீனில் ஒருநாள் புதுப்போனில் என்னென்ன வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒருத்திக்கு நிலாவைக்கூடப் படம் எடுக்கிற கேமரா வேண்டும். ஒருத்திக்கு சார்ஜ் ஒரு வாரம் நிற்க வேண்டும். என் முறை வந்தபோது எனக்கு ஒரே ஒரு பட்டன் போதும் என்றேன். பக்கவாட்டில், கட்டைவிரல் படுகிற இடத்தில், அமுக்கினால் அமுங்குகிற பட்டன். அது என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்லுவேன். அப்புறம், பேசிக்கொண்டிருக்கும்போது திரை இருட்டாகக் கூடாது. எண்கள் ஓடி ஒளியக் கூடாது. நேற்றைக்கு இருந்த இடத்தில் இன்றைக்கும் இருக்க வேண்டும்.

"அக்காவுக்கு ஹாரன் வச்ச போன் வேணுமாம்" என்றாள் ஒருத்தி.

"கிக்கரும் வச்சுடலாம்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அன்றைக்குச் சாயங்காலம் மூன்று தரம் கூப்பிட்ட பெட்டியை என்னால் ஒருதரம்கூட எடுக்க முடியவில்லை. அவர் மேட்டுக்கு நடந்துபோய்த்தான் மோட்டாரைப் போட்டார். அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "பத்திரமா வந்துட்டேன், ஒண்ணும் இல்ல" என்றார். ஒன்றும் இல்லையாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓசூரில் ஒரு போன் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் பக்கவாட்டுப் பட்டனில் ஏதோ மாற்றிக்கொடுத்து, "இனிமே ஈஸி, ஆன்ட்டி" என்றான். என்ன ஈஸி? போனை இறுக்கிப் பிடித்தாலே பட்டன் அமுங்கி லைன் கட் ஆனது. திரும்பப் போய்ப் பழையபடி ஆக்கிக்கொண்டு வந்தேன். "பட்டன் எல்லாம் ஓல்டு, ஆன்ட்டி" என்று புத்தி வேறு சொன்னான்.

எப்படியோ பழகினேன். திரையில் எண் படம் எங்கே வரும், ஒன்று எங்கே வரும் என்று விரலுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. காதில் வைப்பதை விட்டுவிட்டேன், ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்தபடி தொடுவேன். பஸ்ஸில் எல்லாருக்கும் அந்தக் கன்னடம் மனப்பாடம். பத்துக்கு எட்டு தரம் தண்ணீர் போனது. மீதி இரண்டுக்கு அவர் நடந்தார். நடந்த நாட்களில் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ராகி கதிர் பிடித்திருந்த சமயம் அது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் போனின் முகமே மாறியிருந்தது. யாரும் தொடவில்லை, தரையில் விழவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அதுவாக எதையோ புதுப்பித்துக்கொண்டதாம். பச்சை வட்டம் இருந்த இடத்தில் இல்லை. மேலே இழுத்து எடுத்துக்கொண்டிருந்த அழைப்பைப் பக்கவாட்டில் தள்ளி எடுக்க வேண்டும். எண் படம் இன்னொரு மூலைக்குப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எங்கள் லைனில் ஒரு மேசையின் பட்டனை ஒரு விரற்கடை தள்ளி வைக்க வேண்டுமென்றால்கூட, எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, காட்டிக்கொடுத்து, கையெழுத்து வாங்கித்தான் வைப்பார்கள். என் உள்ளங்கையில் இருக்கிறதை எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு மாற்றுகிறான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது பெட்டி கூப்பிட்டது. விரல் பழக்கத்தில் மேலே இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி வந்தது. பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிட்டேன். எண்களைத் தேடி விரல் பழைய இடத்துக்குப் போனது. அங்கே இப்போது சிவப்பு உட்கார்ந்திருந்தது. கட். மூன்றாவது தரம் பஸ்ஸில் ஏறும்போது வந்தது, முன்னால் ஏறினவளின் பையில் கை மாட்டிக்கொண்டது. அதற்குப்பிறகு பெட்டி கூப்பிடவில்லை.

நானே பெட்டியைக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை. மறுபடி கூப்பிட்டேன், போனது, குரல் வந்தது, திரை கறுத்தது. வெளியே வெயில் மஞ்சளாகி, கம்பெனிச் சுவர்களின் நிழல் ரோட்டில் நீளமாக விழுந்திருந்தது. இந்நேரம் அவர் காய்ந்த மாட்டுத் தொட்டியைப் பார்த்திருப்பார். மாட்டைக் கட்டியிருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கியிருப்பார். மறுபடி கூப்பிட்டேன்.

இந்தத் தரம் எல்லாம் சரியாக அமைந்தது. ஸ்பீக்கர் போட்டேன், எண்கள் வந்தன, "ஒந்து ஒத்தி" என்றாள், கட்டைவிரலை ஒன்றின்மேல் இறக்கினேன். விரல் திரையைத் தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது திரை முழுக்க அவர் பெயர் வந்தது. அவர்தான் கூப்பிடுகிறார். ஒன்று இருந்த இடத்தில் சிவப்பு வட்டம். என் விரல் அதில் போய் விழுந்தது. அவர் அழைப்பு போய்விட்டது. எண்கள் ஒன்றும் நடக்காததுபோல் திரும்ப வந்து நின்றன. மிரண்டுபோன விரல் தானாக இன்னொரு தரம் இறங்கியது.

"மோட்டார் ஆன் ஆகிதே" என்றாள்.

அவர் கூப்பிடுகிறார் என்றால் மேட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு நொடி இருந்தது. உடனே அவரைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அவர் போனை அணைக்கிற ஆள் இல்லை. சின்னப் பட்டன் போன், ஒருதரம் சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும். மறுபடி கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். மோட்டாரை நிறுத்தலாமா என்று யோசித்தேன். தண்ணீர் வந்துவிட்டால் வீட்டுக்குத்தானே திரும்புவார், ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். மூக்கண்டப்பள்ளியில் இறங்கியும் அறைக்குப் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் ஓசூரைத் தாண்டிய பிறகுதான் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். பெட்டியோடு மல்லுக்கட்டியதில் மேலே வந்து விழுந்த அறிவிப்பையெல்லாம் பார்க்காமல் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு குரல் செய்தி இருந்தது. தெரிந்த பையன்தான் பேசினான். "நம்ம மேட்டு மோட்டார் ரூம்கிட்ட மூணு நிக்குது. தொட்டில தண்ணி குடிக்குது. யாரும் ஓடைப் பக்கம் போவாதீங்க."

எங்கள் மேட்டுத் தொட்டிதான் அது. காலையில் சொட்டுநீருக்கு விட்டது போக அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் இருந்திருக்கும். அதைக் குடித்துவிட்டு அவை போயிருக்கும். நான்தான் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மோட்டாரைப் போடாதே என்று சொல்லத்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார். எத்தனையோ நாள் கெஞ்சியும் கேட்காத திரை, கேட்கக் கூடாத அன்றைக்கு ஒரே தொடலில் கேட்டுவிட்டது.

இரண்டை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கூப்பிட்டேன். டவர் வந்து வந்து போனது. கிடைத்தபோது பஸ் குழியில் இறங்கி ஏற, விரல் மூன்றில் விழுந்தது. தப்பு என்றாள். மறுபடி. ஸ்பீக்கரில் அவள் "எரடு ஒத்தி, எரடு ஒத்தி" என்று கத்த, நான் தொடத் தொடத் திரை சும்மா கிடந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் மானம் எதுவும் தெரியவில்லை. "ஐயோ அமுங்கித் தொலையேன்" என்று கத்திவிட்டேன்.

"என்னாம்மா ஆச்சி?" என்று பூக்கூடை வைத்திருந்த அம்மா கேட்டார்.

"மோட்டார் நிறுத்தணும். யானை தண்ணி குடிக்குது. எங்க வீட்டுக்காரர் அங்க மாட்டியிருக்காரு."

எங்கள் பக்கத்து பஸ்ஸில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கண்டக்டர் உள் விளக்கைப் போட்டார். பின்னாலிருந்து ஒருத்தர், "கையைத் தொடைங்க அக்கா, வேர்வை இருந்தா எடுக்காது" என்றார். புடவையில் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வேர்த்தது. பூக்கார அம்மா முந்தானையால் தன் விரலைத் துடைத்துக்கொண்டு, "குடு, எது சொல்லு, நான் அமுக்கறேன்" என்றார். லைன் கிடைத்தது. எண்களைக் காட்டினேன். அவர் பூ கட்டுகிற விரலால் இரண்டைக் குத்தினார்.

"மோட்டார் ஆஃப் ஆகிதே."

"ஆஃப் ஆயிடிச்சி!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். நான் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஊர் ரோட்டில் இறங்கும்போது வெடிச் சத்தம் கேட்டது. வனத்துறை ஆட்கள் யானைகளைக் காட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ஈரம், தலையெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீ எங்க இங்க? நாளைக்கு வேலை இல்லியா?" என்றார். நான் அவரை நாலுபேர் முன்னால் கண்டபடி பேசிவிட்டேன். ஏன் போனீர்கள், உயிர் பெரிசா தக்காளி பெரிசா என்று.

"தண்ணி வரல, போனேன். நாமதான பேசி வச்சோம்" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். மோட்டார் ரூம் பக்கத்தில் போகும்வரை தெரியவில்லை, பார்த்ததும் ஏணியில் ஏறிக் கூரைமேல் படுத்துக்கொண்டாராம். என்னைக் கூப்பிட்டாராம், நான் கட் செய்துவிட்டேனாம். திரும்ப நான் கூப்பிட்டால் மணி அடித்து அவற்றுக்குக் கேட்டுவிடுமே என்று, பாக்கெட்டுக்குள்ளேயே விரலால் தடவிச் சிவப்புப் பட்டனை அழுத்திப் பிடித்துப் போனை அணைத்துவிட்டாராம். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அப்புறம் தொட்டியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்திருக்கிறது.

"குடிச்சிட்டுப் போயிருக்கும். நீ குளிக்கவே வச்சிட்ட" என்று சிரித்தார். "தும்பிக்கையால எனக்கும் சேத்து ஊத்திச்சிங்க. கூரை மேலல்லாம் சேறு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட் செய்தது நான் இல்லை, திரை என்று அவரிடம் விளக்கிச் சொன்னேன். "சரி உடு, வேலையா இருப்பன்னுதான் நெனச்சேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அவர் தன் பட்டன் போனை எடுத்து என் பைக்குள் வைத்தார்.

"பொட்டிக்கு உன் நம்பரும் தெரியும், என் நம்பரும் தெரியும். இத எடுத்துட்டுப் போ. பட்டன் இருக்குது, நீ கேட்ட மாதிரி."

"அப்ப உங்களுக்கு?"

"வூட்டுல டவர் இல்ல. மேட்டுக்குப் போனாத்தான போன்? தண்ணி வந்துட்டா நான் எதுக்கு மேட்டுக்குப் போறேன்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வாரமே அவருக்கு வேறொரு போன் வாங்கிக்கொண்டு போனேன். சிம் போட்டுச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். டவர் இல்லாத வீட்டில் அதை என்ன செய்வது என்று அலமாரியில் வைத்துவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது, பேட்டரி செத்து.

இப்போது தண்ணீர் ஒருநாள்கூடத் தவறுவதில்லை. கரண்ட் வந்ததும் பெட்டி தொடுதிரையில் கூப்பிடும். அதை அடிக்கவிட்டுவிட்டு, பாக்கெட்டில் கையை விட்டு அவர் போனிலிருந்து பெட்டியைக் கூப்பிட்டு ஒன்றை அழுத்துகிறேன். டக் என்று விரலுக்குத் தெரிகிறது. நிறுத்த இரண்டு, அதற்கும் ஒரு டக். லைன் லீடருக்குத் தெரியாது, பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. "அக்கா இப்பல்லாம் திட்டறதே இல்ல" என்கிறார்கள். மாட்டுத் தொட்டியில் தண்ணீர் சொரிகிறது, அவர் வீட்டில் இருக்கிறார், அல்லது இருக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தவிர ஊரிலிருந்து எனக்கு வேறு சேதி ஞாயிற்றுக்கிழமை வரை கிடையாது.

போன வாரம் ஒருநாள் ஊர் குரூப்பில் மறுபடி ஒரு குரல் செய்தி வந்தது. யானை இறங்கியிருக்கிறது, இந்தத் தரம் வீடுகள் இருக்கிற பள்ளத்துப் பக்கம். நான் மேசையில் இருந்தேன். எனக்கு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. விரலுறையை உருவிப் போட்டுவிட்டு, தொடுதிரையை எடுத்து அவர் பெயரைத் தொட்டேன். முதல் தொடலிலேயே எடுத்துக்கொண்டது. திரை கறுக்கவில்லை, குறுக்கே எதுவும் வரவில்லை. லைன் உடனே போனது. மணி அடித்தது.

"அக்கா, உங்க கோட்டுல போன் அடிக்குது பாருங்க" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

கையை விட்டு வெளியே எடுத்தேன். சின்னத் திரையில் அவர் எனக்கு வைத்திருந்த பெயர் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு கையில் நான் கூப்பிடுகிற போன், இன்னொரு கையில் அடிக்கிற போன். சார் வருகிறார் என்றார்கள். சிவப்புப் பட்டனை அழுத்தினேன், ஒரே அழுத்தில் நின்றது.